நடக்கிறவருக்குச் சோறா, நம் பெருமைக்குச் சோறா?



சில வாரங்களுக்கு முன் இதே பகுதியில் ஒரு சகோதரி, "பாதயாத்திரை போகிறவர்களுக்குச் சோறு போடுகிறேன் என்று ஆளாளுக்கு அண்டா வைக்கிறார்கள். பாதிச் சோறு ரோட்டோரம் நாய்க்குப் போகிறது. இது தர்மமா, வீண் ஜம்பமா?" என்று கேட்டிருந்தார். முதல் தடவை படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. சோறு போடுவதைப் போய் ஜம்பம் என்று சொல்வதா? பேப்பரை மடித்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். மத்தியானம் மறுபடி எடுத்துப் படித்தபோது வெட்கம் வந்தது. ஏனென்றால் அந்தச் சகோதரி கேட்டது என்னைப் பார்த்துக் கேட்டது போலவே இருந்தது.

எங்கள் ஊர் நாகப்பட்டினம். வடக்கே நாகூர் தர்கா, தெற்கே வேளாங்கண்ணி மாதா கோவில். ஆகஸ்ட் 29-ந் தேதி வேளாங்கண்ணியில் கொடி ஏற்றுவதற்கு முன்பே காவித் துணி கட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாக ஜனங்கள் நடந்து வர ஆரம்பித்துவிடுவார்கள். செப்டம்பர் 8 வரை ராத்திரி பகல் தெரியாது. "நடந்து வர்றவங்க வாசல்ல நின்னா எந்த சாமிக்குப் போறாங்கன்னு கேக்காதே, தண்ணி வேணுமான்னு கேளு" என்பார் என் மாமியார். அப்படி வளர்ந்த வீட்டு மருமகள் நான். சோறு போடுவதில் எனக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை என்ற கர்வம் எனக்கு இருந்தது. அது எப்படி உடைந்தது என்று சொல்கிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன், எங்கள் வட்டாரத்தில் தாயில்லாத ஒரு பெண்ணுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்தது. அப்பா கூலி வேலை. பணம் கட்ட வழியில்லை. என் தோழிகள் பதினோரு பேர் கூடிப் பேசி, நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம் வரை நடந்தே போவது, வழியில் உள்ள ஒவ்வொரு ஊரிலும் கடைத்தெருவிலும் உண்டியல் டப்பாவைக் காட்டி நிதி கேட்பது என்று முடிவு செய்தார்கள். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், இரண்டு நாள் நடை. அவர்களில் டீச்சர் உண்டு, போஸ்டாபீஸில் வேலை பார்ப்பவர் உண்டு, நாகூர்க்காரத் தோழி உண்டு, மீன் விற்கும் அக்காவும் உண்டு. எனக்கு மூட்டுவலி. நடக்க முடியாது. "சாப்பாடு என் பொறுப்பு, நீங்க கையை வீசிக்கிட்டு நடங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

ராத்திரி ஒரு மணிக்கே எழுந்தேன். தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு பொரியல், மெதுவடை, தேங்காய்ச் சட்னி, முந்திரி போட்ட கேசரி. இலையில் வைத்தால் கல்யாணப் பந்தி போல இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். நாலரை மணிக்கு எல்லாவற்றையும் ஆவி பறக்கப் பறக்கத் தூக்குகளில் அடைத்து, மூடியை இறுக்கி, கூட வரும் ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். "அக்கா, இவ்வளவா!" என்று அவர்கள் கன்னத்தில் கை வைத்தபோது எனக்குத் தலை கால் புரியவில்லை.

அது பங்குனி மாதம். தெருத் தெருவாக நின்று நிதி வாங்கிக்கொண்டு அவர்கள் திருப்பூண்டியைத் தாண்டி உட்கார்ந்தபோது மணி ஒன்றரை. சமைத்து ஒன்பது மணி நேரம் கழித்துத் தூக்கைத் திறந்திருக்கிறார்கள். சட்னியை வாசனை பார்த்தே கீழே கொட்டிவிட்டார்கள். தேங்காய் சாதம் லேசாகப் பிசுபிசுத்திருக்கிறது. "அக்கா தூங்காம செஞ்சது, கொட்ட மனசு வரலை" என்று சாப்பிட்டிருக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் மூன்று பேருக்கு வாந்தி. வேட்டைக்காரனிருப்பில் டாக்டரைத் தேடி ஓடி, மற்றவர்கள் அவர்களைப் பார்த்துக்கொள்ள, நடை அதோடு நின்றுபோனது. மறுநாள் போக வேண்டிய ஊர்கள், தோப்புத்துறை கடைத்தெரு, வேதாரண்யம் சன்னதித் தெரு எதற்கும் போகவில்லை. டப்பாவில் பாதிப் பணம்தான் சேர்ந்தது. மீதிக்கு அந்தப் பெண்ணின் அப்பா வட்டிக்குக் கடன் வாங்கினார்.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு வாரம் கழித்துப் போஸ்டாபீஸ் தோழி மட்டும் மெதுவாகச் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்கக்கா. நீங்க சமைச்சது கல்யாணத்துக்கு. நாங்க போனது நடைக்கு."

அந்த ஒரு வாக்கியம் என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. யோசித்துப் பார்த்தால் உண்மை அதுதான். நடக்க முடியாத குறையைச் சமையலில் தீர்த்துக்கொள்ளப் பார்த்தேன். அவர்கள் வயிற்றுக்கு என்ன தேவை என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. என் கைக்கு என்ன பேர் கிடைக்கும் என்றுதான் பார்த்தேன்.

சகோதரிகளே, நடக்கிறவர்களுக்குச் சோறு போடுவதில் எங்கள் பக்கத்துக்கு ஒரு பெரிய சரித்திரமே உண்டு. 1930-ம் வருடம் ஏப்ரல் 13, தமிழ் வருஷப் பிறப்பு அன்று, ராஜாஜி தலைமையில் நூறு பேர் போலத் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தார்கள். ஏறத்தாழ 150 மைல். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று நம் ஜில்லா வழியாகத்தான் வந்தார்கள். அப்போது தஞ்சை ஜில்லா கலெக்டராக இருந்த தார்ன் என்ற வெள்ளைக்காரர் ஒரு உத்தரவு போட்டார். தொண்டர்களுக்குச் சோறு போட்டாலும், தங்க இடம் கொடுத்தாலும் ஜெயில் தண்டனை என்று நோட்டீஸ் அடித்து, ஊர் ஊராகத் தமுக்கும் அடித்தார்கள்.

ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றைப் பொட்டலம் கட்டி ரோட்டோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். ஆற்றங்கரையில் தொண்டர்கள் தங்கும் இடத்தில் பெரிய பெரிய பாத்திரங்களில் சோற்றை வைத்து மண்ணில் புதைத்து, அடையாளமும் வைத்துவிட்டுப் போனார்கள். யார் கொடுத்தது என்று யாருக்கும் தெரியாது. யாரைப் பிடித்து ஜெயிலில் போடுவது? ஏப்ரல் 28-ந் தேதி தொண்டர்கள் வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார்கள். 30-ந் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார்கள். அவர்களை அங்கே வரவேற்றுத் தங்க வைத்த வேதரத்தினம் பிள்ளை ஜெயிலுக்குப் போனார். பின்னாளில், 1946-ல், அவர்தான் பெண் குழந்தைகளுக்காக அங்கே கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலத்தை ஆரம்பித்தார்.

இந்தச் சரித்திரத்தில் எனக்கு உறைப்பது ஒன்றுதான். மரத்தில் தொங்கிய அந்தப் பொட்டலத்தை யார் கட்டியிருப்பார்கள்? விடிவதற்கு முன் எழுந்து, புகை வெளியே தெரியாமல் அடுப்பு மூட்டி, சோறு வடித்தது நம்மைப் போன்ற பெண்களாகத்தானே இருக்க வேண்டும்? அவர்கள் பேர் எந்தப் புத்தகத்திலும் என் கண்ணில் பட்டதில்லை. பேர் தெரிந்தால் தண்டனை என்பதால் பேர் இல்லாமலே கொடுத்தார்கள். நான் பேருக்காகவே சமைத்தேன். இதுதான் வித்தியாசம். இன்னொன்றும் உண்டு. மரத்தில் தொங்குகிற சோறு, தொண்டர் வந்து எடுக்கும் வரை கெடாமல் இருக்க வேண்டும். வெயிலும் நேரமும் அவர்கள் கணக்கில் இருந்திருக்கும். என் கணக்கில் அது இல்லை.

கொடுக்கிறவர் மனசும் வாங்குகிறவர் தேவையும் வேறு வேறாகப் போனால் என்ன ஆகும் என்பதை எங்கள் ஊர் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கண்ணாரக் கண்டது. எங்கெங்கிருந்தோ லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. நல்ல மனசோடுதான் அனுப்பினார்கள். ஆனால் எல்லாம் இழந்து நின்ற மீனவப் பெண்கள் யாரோ உடுத்திக் கழித்த துணியைத் தொட விரும்பவில்லை. துணி மூட்டைகள் ரோட்டோரம் குவியல் குவியலாகக் கிடந்து நனைந்தன. அதையெல்லாம் பார்த்து, "கேட்டுட்டுக் குடுத்திருக்கக் கூடாதா?" என்று அன்றைக்கு உச்சுக் கொட்டியவர்களில் நானும் ஒருத்தி! எனக்கென்று வரும்போது மறந்துவிட்டேன்.

ஆகவே அடுத்த வருடம் அதே பெண்ணின் இரண்டாம் வருடப் படிப்புக்காகத் தோழிகள் மறுபடி நடக்கப் போவதாகச் சொன்னபோது, நான் நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கேட்டேன். யாருக்குச் சர்க்கரை? யாருக்குப் பிரஷர்? யாருக்குப் புளி ஒத்துக்கொள்ளாது? எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள்? ஒரு டாக்டரம்மாவிடமும் போய் என் தப்பைச் சொன்னேன். அவர் சொன்னது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். வெந்த சோற்றிலும் சாகாமல் தங்கும் ஒரு வகைக் கிருமி உண்டாம். வெதுவெதுப்பும் ஈரமுமாகச் சோற்றை மணிக்கணக்கில் மூடி வைத்தால் அது பெருகி நஞ்சைக் கக்குமாம். பிறகு திரும்பச் சுடவைத்தாலும் அந்த நஞ்சு போகாதாம். "சூடா மூடினா பத்திரம்னு நெனச்சீங்க. அந்த வேர்வைதான் சோத்தைக் கெடுத்தது" என்றார்.

நம் பாட்டிமார்களுக்கு இந்த விஞ்ஞானம் தெரியாது. ஆனால் கட்டுச்சோறு தெரியும். அவர்கள் வழியைத்தான் பிடித்தேன். என் அனுபவத்தில் சரியாக வந்ததைச் சொல்கிறேன்.

புளியோதரைக்கு நிகர் எதுவும் இல்லை. ஒரு கிலோ அரிசிக்கு 150 கிராம் புளி, 200 மில்லி நல்லெண்ணெய். புளிக்காய்ச்சலை முதல் நாளே எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை காய்ச்சி வைத்துவிட வேண்டும். சோற்றை உதிரியாக வடித்து, அகலத் தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, விசிறியால் நன்றாக ஆறவிட்டுப் பிறகுதான் கலக்க வேண்டும். ஆறாமல் பொட்டலம் கட்டவே கூடாது. மிளகாயைக் குறைத்துக்கொள்ளுங்கள். காரம் தின்றுவிட்டு வெயிலில் நடப்பது தண்டனை.

காலைக்கு இட்லி. மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் தடவிவிட்டால் சட்னியே வேண்டாம். நடைச் சாப்பாட்டில் தேங்காய்க்கு இடமில்லை என்று எழுதி அடுப்படியில் ஒட்டியே வைத்துவிட்டேன். வடை, கேசரி வகையறாவும் வேண்டாம். எண்ணெயும் நெய்யும் வயிற்றில் கல் மாதிரி உட்கார்ந்துகொள்ளும், கால் எடுத்து வைக்க முடியாது. வாய்க்கு ஏதாவது வேண்டுமென்றால் கடலை உருண்டை, எள்ளுருண்டை, பொரிவிளங்காய் உருண்டை, பூவன் பழம். கையில் வைத்துக்கொண்டே நடக்கலாம். தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு துண்டு.

சோற்றைவிடத் தண்ணீர் முக்கியம். வேர்வையில் தண்ணீரோடு உப்பும் போய்விடுகிறது. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் போதாது. உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. யாராவது துவண்டு போனால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு, ஆறு டீஸ்பூன் சர்க்கரை, இரண்டையும் தலை தட்டிப் போட்டுக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். அளவு மாறக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் தங்கள் டாக்டரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வந்த பிறகு எங்கள் பக்கத்துச் சாலையில் பழைய நிழல் இல்லை. நடக்கிறவர் தலையில் வெயில் நேராக இறங்குகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பொட்டலத்துக்கு வாழை இலையைத் தணலில் லேசாக வாட்டினால் கிழியாது. மந்தாரை இலையும் நல்லது. ஒரு தடவை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை இருக்கிறது. ஆனாலும் தண்ணீர்ப் பாக்கெட்டும் பிளாஸ்டிக் தாளும் யாத்திரை போன வழியெல்லாம் கிடப்பதைப் பார்க்கிறோம். தர்மம் செய்த இடத்தைக் குப்பைமேடாக்கிவிட்டு வருவது என்ன தர்மம்?

எல்லாவற்றையும்விட முக்கியமான மாற்றம் ஒன்று செய்தேன். முழுச் சாப்பாட்டையும் நானே செய்யும் ஆசையை விட்டேன். காலை இட்லியும் மத்தியானப் புளியோதரையும் நாங்கள். மத்தியானத்துக்கு மோரும் தயிரும் திருப்பூண்டியில் தோழி ஒருவரின் நாத்தனார் வீட்டில். ராத்திரிக்குச் சுடச்சுட ரசம் சாதம் வேட்டைக்காரனிருப்பில் ஒரு வீட்டில். மறுநாள் தோப்புத்துறையில் நாகூர்த் தோழியின் சொந்தக்காரர்கள் கஞ்சி காய்ச்சினார்கள். யாரும் ஒரு மணிக்கு எழுந்திருக்கவில்லை. எதுவும் மீந்து போகவும் இல்லை. 1930-ல் நம் ஊர்க்காரர்கள் செய்ததும் இதுதானே! வழியில் உள்ள ஊரெல்லாம் ஒரு கை கொடுத்தால், ஒரே வீட்டு அடுப்பு எரிந்து தீர வேண்டியதில்லை.

சாப்பாட்டுச் செலவில் ஒரு பைசா உண்டியலிலிருந்து எடுக்கக் கூடாது என்பதையும் கட்டாயமாக்கினோம். படிப்புக்கு என்று கேட்டு வாங்கிய காசில் நாம் புளியோதரை சாப்பிட்டால் அடுத்த வருடம் யார் போடுவார்கள்?

இங்கே வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. "அவங்க நடக்கிறாங்க, பேப்பர்ல போட்டோ வரும். நீ எதுக்கு அடுப்படியில வேகுற?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். கேட்டதோடு நிற்காமல் புளி கரைக்க உட்கார்ந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்! சோறு வடிப்பவள் கணக்கில் வராதவள் என்ற எண்ணம் முதலில் நம் வீட்டுக்குள்தான் மாற வேண்டும். போட்டோவில் வருகிறவர்களை நடக்க வைத்ததில் பாதிப் பங்கு அடுப்படிக்கு உண்டு. என் சோற்றால் ஒரு நடையே நின்றுபோனதே, இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்?

"நடக்காமலே அந்தப் பணத்தைக் கொடுத்துவிடலாமே, எதற்கு இந்தக் கூத்து?" என்று கேட்பவர்களும் உண்டு. கொடுக்கலாம்தான். ஆனால் எங்கள் பதினோரு பேர் கையில் அவ்வளவு பணம் இல்லை. காலில்தான் பலம் இருந்தது. கடைக்கடையாய் நின்றபோது, தானும் படிக்க முடியாமல் போனதைச் சொல்லிப் பத்து ரூபாய் போட்ட பூக்காரப் பெண்மணியின் காசு, வீட்டில் உட்கார்ந்திருந்தால் வந்திருக்காது.

முதலில் கேள்வி கேட்ட சகோதரிக்கு என் பதில் இதுதான். சோறு போடுவது ஜம்பம் அல்ல. கேட்காமல் போடுவதுதான் ஜம்பம். யாருக்கு, எத்தனை பேருக்கு, எத்தனை மணிக்கு என்ற மூன்று கேள்வியைக் கேட்டுவிட்டு அடுப்பை மூட்டினால், ரோட்டோரம் ஒரு பருக்கை கூடக் கிடக்காது. வேளாங்கண்ணி வழியில் அண்டா வைக்கும் அன்பர்களும், பக்கத்து அண்டாக்காரரோடு பேசி, இவர் காலையில், அவர் மத்தியானத்தில் என்று பிரித்துக்கொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இரண்டாவது முறை தோழிகள் வேதாரண்யம் போய்ச் சேர்ந்த மறுநாள், நானும் பஸ் பிடித்துப் போனேன். எல்லோருமாக அகஸ்தியம்பள்ளி உப்புச் சத்தியாகிரக நினைவுத் தூணைப் பார்த்தோம். போஸ்டாபீஸ் தோழி என் காதருகே வந்து, "அக்கா, இந்தத் தடவை நடைக்கு சமைச்சிருந்தீங்க" என்றார். கல்யாணப் பந்தியில் ஆயிரம் பேர் பாராட்டியிருந்தாலும் அந்தச் சந்தோஷம் வந்திருக்காது.

அந்தப் பெண் இப்போது மூன்றாம் வருடம் படிக்கிறாள். அவள் அப்பா வாங்கிய பழைய கடன் மட்டும் இன்னும் முழுதாகத் தீரவில்லை. அது தீரும் வரை என் பேரைச் சொல்லிப் பாராட்ட வேண்டாம் என்று தோழிகளிடம் சொல்லியிருக்கிறேன்.

"கட்டிக் கொடுத்த சோறும் கற்றுக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?" என்று பழமொழி சொல்வார்கள். சொல்லைப் பற்றி எனக்குத் தெரியாது. சோறு ஒன்பது மணி நேரம்கூடத் தாங்காது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நீங்கள் படித்தே தெரிந்துகொள்ளலாமே என்றுதான் இதை எழுதினேன்.

என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே? உங்கள் வீட்டுக் கட்டுச்சோற்று அனுபவத்தையும் எழுதுங்களேன்.

- ஒரு இல்லத்தரசி, நாகப்பட்டினம்.